மட்டாஞ்சேரி பரதேசி சினகாக்: முதல்முறை போகிறவர்களுக்கு

கொச்சியின் மட்டாஞ்சேரியில் இருக்கும் இந்த யூதத் தொழுகைக்கூடத்துக்கு நான் முதலில் போனது ஒரு சனிக்கிழமை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அதே தெருவில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அதனால்,

படி 1: நாள் பாருங்கள். யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கி சனி மாலை வரை. சனிக்கிழமை திறக்க மாட்டார்கள். வெள்ளி மதியத்துக்கு மேல் நம்பிப் போகாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகைகள் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: போய்ச் சேருங்கள். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு, அங்கிருந்து ஆட்டோ. 'ஜூ டவுன்' என்றால் போதும். 'பரதேசி' என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். நம் ஊர் வசவு இல்லை, வெளிதேசத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் பொருள்.

படி 3: உடை. தோளும் முழங்காலும் மறைய வேண்டும். செருப்பை வெளியே விட வேண்டும். படம் எடுக்கலாமா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 4: உள்ளே போனதும் குனியுங்கள். எல்லோரும் அண்ணாந்து பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளைத்தான் பார்ப்பார்கள். விசேஷம் காலடியில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த ஓடுகள், வெள்ளையில் நீலம், கையால் வரைந்தவை. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்பார்கள். ஒரே மரத்தை நாலு ஓட்டில் தேடிப் பாருங்கள், தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே வழுக்கியது என்று தெரியும். வெறுங்காலில் நிற்பதால் அந்தச் சில்லிப்பும் கிடைக்கும்.

அப்புறம் நிமிரலாம். நடுவில் பித்தளைக் கம்பி போட்ட மேடை, யூதர்களின் வேதமான தோராவை வாசிப்பதற்கு. மேற்குச் சுவரில் தோராச் சுருள்கள் இருக்கும் பேழை. எருசலேமை நோக்கித்தான் தொழுவார்கள், அது அந்தத் திசையில்தானே. மாடியிலும் ஒரு வாசிப்பு மேடை உண்டு, அது கேரள யூதர்களின் தனி வழக்கம். 1568-இல் கட்டிய இந்தச் சினகாக்கைப் போர்ச்சுக்கீசியர் 1662-இல் சிதைக்க, டச்சுக்காரர் வந்தபின் 1664-இல் மீண்டும் எழுப்பினார்கள்.

படி 5: செப்பேட்டைப் பற்றிக் கேளுங்கள். இது நமக்கு நெருக்கமான சங்கதி. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்தது. எழுத்து வட்டெழுத்து, பெயர் 'இஸ்ஸுப்பு இறப்பான்' என்று இருக்கிறது. கொடுத்த உரிமைகளில் பகல்விளக்கு, பாவாடை, குடை எல்லாம் உண்டு. இந்தப் பாவாடை உடுத்துவதில்லை, நடக்கும் வழியில் விரிப்பது.

படி 6: வெளியே வந்து மணிக்கூண்டைச் சுற்றி வாருங்கள். 1760-இல் வந்தது. ஒரு முகத்தில் எபிரேய எண்கள், இன்னொன்றில் மலையாள எண்கள். நேரம் மிஞ்சினால் எர்ணாகுளம் மார்க்கெட்டில் கடவும்பாகம் சினகாக்கை விசாரியுங்கள். வாசலில் செடியும் வண்ண மீனும் விற்கும் கடை இருக்கும், தயங்காமல் அதற்குள்ளேயே நுழைய வேண்டும்.