வெளிக்குப் போவதைப் பற்றி வெளிப்படையாக: கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைப்பிரசவத்துக்குச் சேலத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். பிள்ளை அசையுதா, கால் வீங்குதா, ராத்திரி தூக்கம் வருதா, எல்லாம் சொல்வாள். "வெளிக்கு ஒழுங்கா போறியா கண்ணு?" என்று கேட்டால் மட்டும் தலை குனிந்துவிடும். கூட வந்த ஆயா, "அதெல்லாம் போறாளுங்க" என்று முடித்துவிடுவார். புதிதாக வேலைக்கு வரும் சிஸ்டர்கள் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில் நானும் அதே ரகம்தான்.

தண்ணீர் குடி, கீரை சாப்பிடு, கொஞ்சம் நட என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. கர்ப்பத்தில் ஏன் மலச்சிக்கல் வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தைக் காக்கும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடலின் தசையையும் தளர்த்திவிடுகிறது. சாப்பிட்டது மெதுவாக நகர்கிறது. நகர நேரமாக ஆக, பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகிவிடும். கடைசி மாதங்களில் கர்ப்பப்பையும் குடலை அழுத்தும். ஆக, இது யாருடைய குற்றமும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை.

சத்து மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்துவது

எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு எரிச்சல் அடங்காத விஷயம் இது.

ஏற்காட்டு மலையில், காபித் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பம். ஏழு மாதக் கர்ப்பிணி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டைத் தாண்டவில்லை. பரிசோதனை அட்டையைப் பார்த்தால் மாதாமாதம் இரும்புச்சத்து மாத்திரை வாங்கியதாக இருக்கிறது. கேட்டால், "தினமும் சாப்பிடறேன் சிஸ்டர்" என்கிறாள். வீட்டுக்குப் போயிருந்தபோது அவளுடைய அம்மா எனக்குக் காபி போடுவதற்காக மேல் பலகையிலிருந்து டப்பாவை இறக்கினார். பின்னாலிருந்து சிவப்பு மாத்திரை அட்டைகள் சரிந்து விழுந்தன, ரப்பர் பேண்ட் போட்ட கட்டாக. மேலே இருந்த ஒரே அட்டையில் இரண்டு குழி காலி. மற்றதெல்லாம் தாள்கூடக் கிழியவில்லை.

திட்டினால் அழுவாள் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவளே சொன்னாள். "அதைச் சாப்பிட்டா மூணு நாளைக்கு வயிறு அசையறதில்லைங்க. போனாலும் கறுப்பா, ஆட்டுப் புழுக்கையாட்டம். ரத்தம்கூட வந்துச்சு. யார்கிட்ட சொல்றது?"

எனக்கு எரிச்சல் அவள் மேல் இல்லை. "மாத்திரை சாப்பிட்டியா?" என்று மாதாமாதம் கேட்ட நாங்கள், "சாப்பிட்டா உனக்கு என்ன பண்ணுது?" என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. அதற்குள் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டாக்டர் அளவை இரட்டிப்பாக்கியிருந்தார். அவளும் இரட்டிப்பாக வாங்கிக்கொண்டு போய்ப் பலகையில் வைத்திருந்தாள். கடைசியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்குப் போய், நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பஸ்ஸில் வாந்தி, கூடப் போனவருக்குக் கூலி நஷ்டம், அவ்வளவு அலைச்சல்.

அரசு கொடுக்கும் மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நாலாம் மாதத்திலிருந்து 180 நாள், பிள்ளை பிறந்த பிறகு இன்னொரு 180 நாள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பிரசவத்தில் ரத்தம் போவது சகஜம். கையிருப்பு இல்லாத உடம்புக்கு அந்தச் சாதாரண இழப்பே உயிருக்கு உலை வைக்கும். மலச்சிக்கலுக்குப் பயந்து மாத்திரையை ஒளிப்பவளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, மிரட்டத்தான் செய்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தாமலே மலத்தை இளக்க மருந்து உண்டு. லாக்டுலோஸ் சிரப் குடலிலேயே தண்ணீரைப் பிடித்து வைப்பது, உடம்பில் பெரும்பாலும் சேராது, கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் டாக்டர்கள் எழுதித் தருவதுதான். ஆனால் குடித்தவுடன் வேலை செய்யாது, ஒன்றிரண்டு நாள் ஆகும். முதல் நாளே "இது சரியில்லை" என்று மூடிவைப்பவர்கள் நிறைய. மாத்திரையின் வகையையோ நேரத்தையோ மாற்றலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமா என்பதையும் டாக்டரிடமே கேட்கலாம். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இன்னொன்று, காபி. மலையில் விடிந்தால் காபி, மாத்திரையும் அதோடு. காபியும் டீயும் இரும்பை உடம்பில் சேரவிடாது. சேராத இரும்பு குடலிலேயே கிடந்து தொல்லை பண்ணும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம். அதுவும் சிலருக்கு மலத்தை இறுக்கும் என்பது கூடுதல் செய்தி. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், ஏற்காட்டு ஆரஞ்சு, எது கிடைத்தாலும் மாத்திரையோடு நல்லது. வெறும் வயிற்றில் குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேரும்தான். பலகையில் கிடப்பதற்கு அது மேல்.

அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் வரும். "டானிக்குதானே" என்று மாத்திரையோடு சேர்த்துக் குடித்து வயிறு கட்டிக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டுமா என்று கொடுத்தவரிடமே கேளுங்கள்.

மலம் கறுப்பாகப் போவது இந்த மாத்திரையால் வருவது, பயம் வேண்டாம். தார் போலப் பிசுபிசுத்து, நாற்றமடித்து, தலையும் சுற்றினால் அது வேறு. அன்றே காட்டுங்கள்.

விளக்கெண்ணெய்

வேண்டாம். அதிலிருக்கும் அமிலம் குடலோடு கர்ப்பப்பையையும் சுருங்கவைக்கும். "நாள் நெருங்கிடுச்சு, ஒரு கரண்டி குடிச்சா வலி தானா வந்துடும்" என்பவர் பெரியவராகவே இருந்தாலும், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். கடுக்காய்ப் பொடி, நிலாவரைச் சூரணம் எல்லாம் இந்தக் கணக்கில்தான். நாட்டு மருந்து என்பதாலேயே கர்ப்பிணிக்கு ஆகும் என்று அர்த்தமில்லை.

பிரசவ வலியை மலச்சிக்கல் என்று நினைப்பது

பிள்ளையின் தலை கீழே இறங்கி மலக்குடலை அழுத்தும்போது, "போகணும் போலிருக்கு" என்றுதான் தோன்றும். பல நாளாக மலச்சிக்கலில் கிடந்தவள் இன்றைக்காவது போகட்டும் என்று கக்கூஸில் உட்கார்ந்து முக்குவாள். எட்டாம் மாதத்துக்கு மேல், வயிறு விட்டு விட்டு இறுகினாலோ, இடுப்பு வலித்தாலோ, நீர் கசிந்தாலோ கதவைத் தாழிடாமல் ஆளைக் கூப்பிடுங்கள், 108-க்குச் சொல்லுங்கள். மலைக் கிராமத்துக்கு வண்டி வந்து சேர நேரம் பிடிக்கும் என்பது உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜவ்வரிசிக் கஞ்சியை நம்புவது

ஆத்தூர்ப் பக்கமும் சேலத்திலும் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. மசக்கையில் ஒன்றும் இறங்காதபோது அந்தக் கஞ்சி நல்லதுதான். ஆனால் அது மரவள்ளிக்கிழங்கின் மாவுச்சத்து மட்டும், நார் கிட்டத்தட்ட இல்லை. வாந்தி நின்ற பிறகும் "குளிர்ச்சி" என்று மூன்று வேளையும் அதையே ஊற்றினால் வயிறு எப்படி அசையும்? நம்ம ஊர்க் களி எதற்கு இருக்கிறது? 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 11 கிராம் நார் உண்டு. மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடாதீர்கள். கொய்யாவும் நல்லது. நாரை ஒரே நாளில் கூட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், இல்லையென்றால் வாயு பிடித்துக்கொள்ளும்.

அடக்கி வைப்பது

கொலுசுப் பட்டறையில் பற்றவைக்க உட்காரும் பெண், தறியில் உட்காரும் பெண், "இந்தக் கண்ணியை முடிச்சுட்டுப் போறேன்" என்பாள். வந்த உணர்வை அடக்க அடக்க அது வராமலே போய்விடும். காலையில் சாப்பிட்ட பிறகு குடல் தானாக நகரும், அந்த நேரத்தை விடாதீர்கள். வெஸ்டர்ன் கக்கூஸ் என்றால் காலடியில் சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர். அதைச் சுரக்கிறவளுக்கு, "வயிறு பெருத்துடும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று சின்ன டம்ளரில் வெந்நீர். சித்திரை வெயிலிலும் இப்படித்தான். பத்தியம் என்று கீரையும் பழமும் கிடையாது, பூண்டும் கருவாடும் சோறும்தான். பூண்டைத் தாராளமாகப் போடுங்கள், எனக்கு வழக்கு இல்லை. தண்ணீரை மட்டும் சொம்பில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஒரு டம்ளர். வெந்நீர்தான் வேண்டும் என்று அத்தை பிடிவாதம் பிடித்தால் வெந்நீரே இருக்கட்டும், சண்டை எதற்கு?

தையல் பிரிந்துவிடும் என்று பயப்படுவது

பிரியாது. சுத்தமான துணியை மடித்துத் தையல் மேல் லேசாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். சிசேரியன் என்றால் வயிற்றின் மேல் ஒரு தலையணை. முதல் இரண்டு மூன்று நாள் போகாமல் இருப்பது சகஜம். பயந்து அடக்கினால்தான் இறுகி, முக்கி, தையலுக்குக் கஷ்டம். ஆசனவாய் வரை கிழிந்து தைத்தவர்களுக்கு மலமிளக்கி எழுதியே அனுப்புவார்கள். வலி இல்லையே என்று அதைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இசப்கோலைக் குறைந்த தண்ணீரில் குடிப்பது

இசப்கோல் தண்ணீரில் ஊதும் நார் உமி. தண்ணீர் குறைந்தால் கட்டிப்போய் நிலைமை மோசமாகும். ஒரு பெரிய டம்ளர் முழுக்க.

வீட்டிலேயே எனிமா

கூடாது.

மூலம் என்று தானாக முடிவுகட்டுவது

ரத்தம் வந்தால் காட்டிவிடுங்கள். பெரும்பாலும் மூலமோ ஆசனவாய் வெடிப்போதான், களிம்பும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்காருவதும் போதும். ஆனால் வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் ஒரு ராத்திரிகூடப் பொறுக்காதீர்கள், சிசேரியன் ஆனவர்கள் முக்கியமாக. பிரசவத்துக்குப் பிறகு மலமோ காற்றோ கட்டுப்பாடில்லாமல் வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது.