ஆங்கில மரபுத்தொடர்களைப் பொருளறிந்து பயன்படுத்துவது எப்படி?

ஓர் ஆங்கிலத் தொடரில் உள்ள சொற்கள் எல்லாம் தெரிந்தவையாக இருந்தும், சேர்த்துப் படிக்கையில் இடத்துக்குப் பொருந்தாத பொருள் கிடைத்தால், அது மரபுத்தொடரோ என்று முதலில் ஐயப்பட வேண்டும். ‘ஸ்பில் தி பீன்ஸ்’ என்பதில் வெளியே சிந்துவது மறைத்து வைத்த செய்தி. ‘பைட் தி புல்லட்’ என்பது தவிர்க்க இயலாத துன்பத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்பது.

முன்பின் வாக்கியங்களைக் கொண்டு பொருளை ஊகித்த பின் அகராதியில் சரிபார்க்கவும். தோற்றம் தெரிந்த தொடர் மனத்தில் நன்றாகப் பதியும்: வேட்டையின்போது புதர்களை அடித்துப் பறவைகளைக் கிளப்பும் வழக்கத்திலிருந்து வந்த ‘பீட் அரவுண்ட் தி புஷ்’, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சுற்றி வளைப்பதைக் குறிக்கிறது. ஆயினும் இணையத்தில் உலவும் தோற்றக் கதைகள் பலவற்றுக்குச் சான்று இல்லை என்பதால் அவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது.

சொற்களை மாற்றுவதும் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக்குவதும் பல தொடர்களின் பொருளைக் கெடுத்துவிடும்.

எல்லாவற்றிலும் மிகுந்த கவனம் வேண்டுவது இடமறிந்து பயன்படுத்துவதில்தான். ‘கிக் தி பக்கெட்’ இறப்பைக் குறித்தாலும், அது விளையாட்டாகப் பேசும் தொடர். இரங்கல் கடிதத்தில் எழுதினால் துயரத்தில் இருப்பவரின் மனம் புண்படும். நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதும் உண்டு: ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் அதை விவாதத்துக்கு முன்வைப்பதையும், அமெரிக்காவில் விவாதத்தைத் தள்ளிவைப்பதையும் குறிப்பதால், இரு நாட்டவரும் கலந்துகொள்ளும் கூட்டக் குறிப்புகளில் நேரடியான சொற்களையே எழுதவும்.