கணிதம் படிக்கும்போது கேட்காமல் விடும் கேள்விகள்

கணிதவியலாளர் டெரன்ஸ் டாவ் 1975இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிறந்தவர். 24 வயதிலேயே லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர். 2006இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம். இதைக் கேட்டதும் 'அவர் மேதை, நமக்கெல்லாம் எங்கே வரும்' என்று ஒதுங்கிவிடுகிறோமே, அதுதான் முதல் தவறு. கணிதம் செய்ய மேதையாக இருக்க வேண்டியதில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பிரின்ஸ்டனில் முனைவர் பட்டப் படிப்பின்போது, சரியாகத் தயாராகாமல் போனதால், வாய்மொழித் தேர்வில் அவரும் திணறித்தான் தேறினார்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. நிரூபணத்தை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரியும் சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் புத்தகத்தை மூடுவது. அசட்டுத்தனமாகத் தோன்றும் கேள்விகளை உங்களிடமே கேளுங்கள், பதிலையும் நீங்களே தேடுங்கள் என்கிறார் டாவ். எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள அறிவுரை இல்லை.

அவருடைய தேற்றத்திலேயே செய்து பார்ப்போம். பகா எண்களுக்குள் நாம் கேட்கும் நீளத்துக்குக் கூட்டுத்தொடர்கள், அதாவது ஒரே வித்தியாசத்தில் அடுத்தடுத்து வரும் எண்வரிசைகள், இருக்கின்றன என்று 2004இல் கணிதவியலாளர் பென் கிரீனும் அவரும் நிரூபித்தார்கள். 5, 11, 17, 23, 29 என்பது வித்தியாசம் 6 உள்ள ஒரு தொடர். அடுத்து வருவது 35, அது பகா எண் அல்ல. சரி, வேறு எண்ணில் தொடங்கினால் வித்தியாசம் 6ஐ வைத்துக்கொண்டே ஆறு உறுப்புகள் கிடைக்குமா? கிடைக்காது. 6ஐ 5ஆல் வகுத்தால் மீதி 1; ஒவ்வொரு உறுப்புக்கும் 5ஆல் வகுத்த மீதி ஒவ்வொன்றாக நகரும். அதனால் அடுத்தடுத்த ஐந்து உறுப்புகளில் ஒன்று கட்டாயம் 5இன் மடங்காக இருக்கும். 5இன் மடங்குகளில் 5 மட்டும்தான் பகா எண். ஆக, ஐந்து உறுப்புகள் வேண்டுமென்றால் 5இல்தான் தொடங்கியாக வேண்டும், ஆறாவது உறுப்புக்கு வழியே இல்லை. வித்தியாசத்தை 5ஆல் மீதியின்றி வகுபடும் 30 ஆக்கிப் பாருங்கள், இந்தத் தடை வராது: 7, 37, 67, 97, 127, 157. ஆறும் பகா எண்கள்! இந்தச் சின்னக் கேள்வியை நாமே கேட்டுப் பார்த்த பிறகு, நீளம் கூடக் கூட வித்தியாசமும் ஏன் பெரிதாக வேண்டியிருக்கிறது என்பது பிடிபடுகிறது. தேற்றத்தை மனப்பாடம் செய்தால் இது கிடைக்காது.

அப்புறம், கறாரான நிரூபணம் எழுதப் பழகியதும் உள்ளுணர்வைத் தூக்கி எறிந்துவிடுபவர்கள் உண்டு. தவறான உள்ளுணர்வைக் களைந்து நல்லதைக் கூர்மையாக்கத்தான் அந்தக் கறார் என்பது டாவின் கருத்து. இரண்டும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும்.

அடிப்படைகள் கைவராத காலத்திலேயே புகழ்பெற்ற ஒரே கணக்கைக் கட்டிக்கொண்டு ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம் என்றும் அவர் எச்சரிக்கிறார். மேலே பார்த்த கிரீன்–டாவ் தேற்றமே, முழு எண்களில் போதிய அடர்த்தியுள்ள எந்தத் தொகுப்பிலும் எவ்வளவு நீளமான கூட்டுத்தொடரும் இருக்கும் என்று கணிதவியலாளர் செமெரெடி 1975இல் வெளியிட்ட தேற்றத்தின் மேல்தான் எழுந்தது. பகா எண்களில் கைவைப்பதற்கு முன்பே அந்தத் தேற்றத்துக்கு இருந்த வெவ்வேறு நிரூபணங்களை அவர்கள் ஊன்றிப் படித்திருந்தார்கள்.