'பிளீஸ் ரிவர்ட்' என்று எழுதும் முன்

கோலாலம்பூர் ஆபிசுகளில் புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ளும் சொல் 'ரிவர்ட்'. மேலதிகாரி எழுதுகிறார், அதைப் பார்த்து இவர்களும் எழுதுகிறார்கள். பதில் போடுங்கள் என்று அர்த்தமாம். மலேசியா, சிங்கப்பூர், இந்தியாவுக்குள் சுற்றும் மின்னஞ்சலில் இதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது. அதைத் தாண்டிப் போனால்தான் வம்பு.

பிறந்த கதை

லத்தீனில் 'ரெ' என்றால் திரும்ப, 'வெர்டெரே' என்றால் திருப்புவது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கன்வர்ட், ரிவர்ஸ், வெர்ஷன் எல்லாம் இதே வேர்தான். பொருள்: பழைய நிலைக்கோ பழைய உரிமையாளரிடமோ திரும்புவது. 99 ஆண்டு குத்தகை முடிந்தால் நிலம் மாநில அரசுக்கு 'ரிவர்ட்' ஆகும் என்று மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 46ஆவது பிரிவு சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

காசைத் தின்னும் தவறு

லண்டன் வாடிக்கையாளருக்கு ஒப்பந்தத்தின் மூன்றாம் வரைவு போகிறது என்று வையுங்கள். அதன் 7ஆவது பிரிவில் பணம் கட்டும் கெடுவை 60 நாளிலிருந்து 30 நாளாகக் குறைத்திருக்கிறோம். மின்னஞ்சலில் ஒரே வரி: 'பிளீஸ் ரிவர்ட் கிளாஸ் 7'. நாம் கேட்க நினைத்தது, 7ஆவது பிரிவுக்கு உங்கள் பதில் என்ன. அவர் படிப்பது, 7ஆவது பிரிவைப் பழையபடி மாற்றிவிடுங்கள். மனிதர் சந்தோஷமாக 60 நாளைத் திரும்பப் போட்டு, கையெழுத்திட்டு அனுப்பிவிடுவார். சண்டைக்கும் போக முடியாது; அகராதி அவர் பக்கம். இத்தனைக்கும் 'ரிப்ளை' என்று எழுத ஒரு எழுத்துகூட அதிகம் தேவையில்லை. அதுதான் எரிச்சல்.

பினாங்கில் டிசைனருக்கு 'ரிவர்ட் த ஆர்ட்வொர்க்' என்று அனுப்பினாலும் இதே கதை. ஃபோட்டோஷாப்பில் ரிவர்ட் என்றால் கடைசியாகச் சேமித்த நிலைக்குப் போவது; விண்டோஸில் எஃப்12 தட்டினால் போதும். கோப்பை மூடாதவரை ஹிஸ்டரி பட்டியலிலிருந்து மீட்கலாம், மூடிவிட்டால் போச்சு. 'கிட்' (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) பயன்படுத்தும் புரோகிராமருக்கோ, போட்ட மாற்றத்தை ரத்து செய் என்ற கட்டளை அது.

'ரிவர்ட் பேக்'

'பேக்' என்றாலும் திரும்ப என்றுதான் பொருள்; அது 'ரிவர்ட்'டுக்குள்ளேயே இருக்கிறது. வெட்டுங்கள்.

'ரிவர்ட்'டுக்குப் பதிலாக என்ன எழுதுவது

பதில் வேண்டுமென்றால் 'ரிப்ளை'. ஆமா, இல்லையா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் 'கன்ஃபர்ம்'. விசாரித்துச் சொல்கிறேன் என்பதற்கு 'ஐ வில் கெட் பேக் டு யூ'. கூடவே நாளையும் நேரத்தையும் போடுங்கள்: வெள்ளிக்கிழமை மாலை 5 மணி, மலேசிய நேரம்.

மேலதிகாரியே 'ரிவர்ட்' என்று எழுதினால்

திருத்தப் போகாதீர்கள். பதிலை மட்டும் போடுங்கள்.