பாலிசி இருக்கிறது, பணம் வராது: எல்லையோர ஆலைகள் மாசு இன்சூரன்ஸில் செய்யும் தவறுகள்

பொள்ளாச்சி–பாலக்காடு எல்லையில் கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தென்னை நார் மில்லோ, பித் எனப்படும் நார்த்தூளைக் காயவைக்கும் களமோ நடத்துகிற ஒருவரிடம் "மாசுக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் "பப்ளிக் லயபிலிட்டி எடுத்திருக்குதுங்க, ஏஜென்ட் பாத்துக்கிறாருங்க" என்றுதான் பதில் வரும். அந்தப் பாலிசியை வாங்கி விலக்குகள் பக்கத்தைப் புரட்டினால் மாசு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். சாதாரண பப்ளிக் லயபிலிட்டி பாலிசி, வெளியாள் ஒருவருக்கு நம் இடத்தால் வந்த காயத்துக்கும் சொத்துச் சேதத்துக்கும் பணம் தரும். மாசால் வந்தது என்றால் தராது. கூடுதல் பிரீமியம் கட்டி மாசுக்கான இணைப்பைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

சேர்த்திருந்தாலும் சிக்கல் தீரவில்லை. அந்த இணைப்பு ஏற்பது திடீரென்று, எதிர்பாராமல் நடந்த மாசை மட்டுமே. பாய்லர் எண்ணெய்த் தொட்டி வெடித்துப் பக்கத்துத் தோப்புக்குள் ஓடினால் அது திடீர். நம் பகுதியில் நடப்பதோ வேறு. ஏற்றுமதிக்கான பித்தை, ஈசி எனப்படும் உப்பு அளவு குறையும்வரை கழுவுகிறோம். அந்தத் தண்ணீரில் உப்பும் மட்டையின் பழுப்புச் சாறும் சேர்ந்து இறங்குகின்றன. தரை போடாத குழியில் தேங்கி, மாதக்கணக்கில் ஊறி, ஒருநாள் பக்கத்துக் கிணற்றில் டீத்தண்ணி நிறத்தில் எட்டிப் பார்க்கிறது. எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தேதி சொல்ல முடியாத மாசுக்குத் திடீர் மாசு இணைப்பில் கிளெய்ம் கிடையாது. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் நார் ஆலைகளை மாசு குறைந்த வெள்ளைப் பட்டியலிலிருந்து மாசு கூடிய ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியபோது எழுந்த சர்ச்சை எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று வாரியத்தின் கன்சென்ட்டை, அதாவது இயக்க அனுமதியைப் பற்றிப் பேசினோமே தவிர, பாலிசியை எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு.

மெதுவான மாசு எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. தமிழ் பேசும் எரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் வாழும் இடம். அங்கே 2000-ல் தொடங்கிய கோகோ கோலா ஆலை 2004 மார்ச்சில் உற்பத்தியை நிறுத்தியது. நிலத்தடி நீர் வற்றியது, கெட்டது என்பது மக்களின் புகார். உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த கசடில் காட்மியமும் ஈயமும் இருப்பதாக 2003-ல் பிபிசி வெளியிட்ட செய்தி இன்னொரு பக்கம். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010-ல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நிறுவனம் அதை ஏற்கவில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. யார் சரி, யார் தவறு என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, புகாரின் வகையை மட்டும் பாருங்கள். நீர் குறைவதும், நீர் கெடுவதும், கசடு வேறொருவர் நிலத்தில் விழுவதும் எதுவுமே ஒரே இரவில் நடந்ததாக யாரும் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட மாசுக்கென்றே வேறு பாலிசி உண்டு. பொல்யூஷன் லீகல் லயபிலிட்டி என்றோ என்விரான்மென்டல் இம்பேர்மென்ட் லயபிலிட்டி என்றோ கேட்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த மாசு, நிலத்தையும் நீரையும் சுத்தம் செய்யும் செலவு, வக்கீல் செலவு ஆகியவற்றை அதில் சேர்க்கலாம். சுத்தம் செய்யும் செலவு என்றால் பக்கத்துக்காரர் நிலத்தை மட்டுமா, நம் நிலத்தையும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்றாம் நபர் பாலிசி நம் சொந்த மண்ணைச் சுத்தம் செய்யப் பணம் தராது, அதற்குத் தனிப் பிரிவு வேண்டும். சிறிய மில்லுக்கு இந்தப் பிரீமியம் கட்டுபடியாகுமா என்றால், பல இடங்களில் ஆகாது என்பதே என் கணிப்பு. அந்தப் பணத்தில் குழிக்குத் தார்ப்பாய் விரித்து, கழுவிய தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்த ஒரு தொட்டி கட்டுவது மேல். தெரிந்தே ஓடையில் திறந்துவிடுகிற தண்ணீருக்கு எந்தக் கம்பெனியும் பணம் தரப்போவதில்லை.

அடுத்த குழப்பம், ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு பாலிசிகளை ஒன்றென்று நினைப்பது. 1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்தது 1991-ன் பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் சட்டம். அரசு பட்டியலிட்ட அபாயப் பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளுகிறவர் கட்டாயம் எடுக்க வேண்டிய பாலிசி அது. யார் தவறு என்று பார்க்காமலே நிவாரணம் உண்டு. மனு கலெக்டரிடம் போகும், விபத்து நடந்து 5 ஆண்டுவரை போடலாம். பிரீமியத்துக்குச் சமமாக இன்னொரு தொகை சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்குச் செல்கிறது. சட்டம் வந்தபோது உயிரிழப்புக்கு வைத்த தொகை 25,000 ரூபாய், சொத்துச் சேதத்துக்கு 6,000 ரூபாய். 2023-ல் ஜன் விஸ்வாஸ் என்ற திருத்தச் சட்டம் இந்த 1991 சட்டத்தைத் திருத்தியது. எனவே பழைய பிரதியைப் பார்த்து அப்படியே புதுப்பிக்க வேண்டாம். தொகை எவ்வளவானாலும் அது உடனடி நிவாரணம் மட்டுமே. கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமையைச் சட்டத்தின் 8-ம் பிரிவே பாதிக்கப்பட்டவருக்கு விட்டுவைத்திருக்கிறது. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்தபோது, மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஆலையை 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அதுவும் இடைக்காலத் தொகைதான். பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் அம்மோனியா வைத்து ஐஸ் பிளான்ட்டோ குளிர்பதனக் கிடங்கோ நடத்துகிறவர்கள், "சட்டப்படி எடுத்தாச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

லாரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவை–பாலக்காடு சாலையில் வாளையார் இறக்கத்தில் ஆசிட் டேங்கர் கவிழ்ந்தால் வண்டி இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். உயிருக்கும் காயத்துக்கும் மோட்டார் பாலிசியில் உச்சவரம்பு இல்லை. பிறர் சொத்துக்குச் சரக்கு வண்டியின் வழக்கமான வரம்பு 7.5 லட்சம் ரூபாய். ஆசிட் இறங்கியது ஒரு வாய்க்காலில் என்றால் அந்தத் தொகை எங்கே பற்றும்? சரக்கை அனுப்புகிறவர் போக்குவரத்தின்போது ஏற்படும் மாசுக்குத் தனிப் பாதுகாப்பு கேட்க வேண்டும்.

எல்லையோரத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. ஆலை பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும். பித் காயவைக்கும் களம் வடகரப்பதியிலோ எருத்தேம்பதியிலோ குத்தகைக்குப் பிடித்திருக்கும். பாலிசி அட்டவணையில் ஆலையின் சர்வே எண் மட்டும் இருக்கும், களம் இருக்காது. மழையில் களத்துக் கழிவு அடித்துக்கொண்டு போனால், பாலிசியைப் பொறுத்தவரை அது நமக்குச் சம்பந்தமில்லாத இடம். அதோடு தண்ணீருக்கு மாநில எல்லை தெரியாது. ஆழியாற்றுப் படுகையிலிருந்து மணக்கடவு அணைக்கட்டு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி கேரளாவுக்குப் போக வேண்டும் என்பது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம். இந்தப் பக்கம் ஓடையில் கலப்பது சித்தூர்ப் புழையில் போய்ச் சேரும். அந்தப் பக்கத்து வாரியமும் கேள்வி கேட்கலாம். வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனால் இரண்டு மாநிலத்துக்கும் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வுதான். ஆகவே குத்தகைக் களம், கிடங்கு, லாரி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் அட்டவணையில் ஏற்றுங்கள்.

கழிவை ஒரு கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்துவிட்டால் பொறுப்பு முடிந்தது என்பதும் அதே ரகம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி கொடகநல்லூர், நடுக்கல்லூர்ப் பகுதிகளில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. லாரிகள் வந்து அதைத் திரும்ப அள்ளிப் போனதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். கொட்டியது யாரோ, ஆனால் பையின் மேல் இருந்த பெயரைத்தான் எல்லோரும் தேடினார்கள். அபாயக் கழிவுக்கான 2016 விதிகளின்படி, வேறு மாநிலத்தில் இறுதியாக அகற்ற அனுப்பினால் இரண்டு வாரியங்களின் தடையில்லாச் சான்றும் வேண்டும். சேதத்துக்கான பொறுப்பு கழிவை உருவாக்கியவரையும் சேரும். பாலிசியில் வெளியிடத்தில் சேர்ந்த கழிவு என்ற பகுதி இல்லையென்றால் அந்தப் பொறுப்பைச் சொந்தக் கையிலிருந்துதான் தூக்க வேண்டும். கான்ட்ராக்டரின் பாலிசிப் பிரதியைக் கேட்டு வாங்கி வைப்பதும் நல்லது. பலரிடம் இருக்காது, கேட்கும்போதுதான் தெரியவரும்.

பிரீமியம் நாலாயிரம் குறைகிறது என்று கம்பெனி மாற்றுவதில் பெரிய ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் கிளெய்ம் வந்த நாளைக் கணக்கில் கொள்பவை. சம்பவம் 2022-ல் நடந்து, நோட்டீஸ் 2026-ல் வந்தால் 2026-ல் நடப்பில் உள்ள பாலிசிதான் பதில் சொல்ல வேண்டும். அதிலும் ஒரு முன்தேதி போட்டிருப்பார்கள், அதற்கு முன் நடந்தது எதுவும் சேராது. கம்பெனி மாறும்போது அந்த முன்தேதி புதிய நாளுக்கு வந்துவிட்டால், இத்தனை ஆண்டு கட்டிய பிரீமியம் வாங்கித் தந்த பாதுகாப்பு ஒரே கையெழுத்தில் போய்விடும். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கவும் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டு அவகாசம் உண்டு. மில்லை விற்றுவிட்டோம், இனி பாலிசி எதற்கு என்று நிறுத்துகிறவர்களும் இதை நினைவில் வைக்கட்டும். இடம் வாங்குகிறவர்களோ, முதல் நாளே நம் கிணற்றிலும் சுற்றியுள்ள கிணறுகளிலும் தண்ணீர் எடுத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பரிசோதித்து முடிவைப் பத்திரப்படுத்த வேண்டும். முன்பே இருந்த மாசைப் பாலிசி ஏற்காது. அது முன்பே இருந்தது, நம்மால் வந்ததல்ல என்று காட்டவும் அந்தத் தாளைத் தவிர வேறு சாட்சி இருக்காது.

விண்ணப்பத்தில் வாரியத்தின் விளக்கம் கேட்கும் நோட்டீஸை மறைப்பது வேண்டாம். ஏஜென்ட் "அதெல்லாம் எழுத வேண்டாங்க" என்றாலும் எழுதுங்கள், கிளெய்ம் மறுக்கப்படும்போது அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். வாரியம் போடும் அபராதம் எந்தப் பாலிசியிலும் வராது.

கடைசியாக, ஊர்க் கூட்டத்தில் பேசி முடிப்பது. கிணறு கெட்டவர் பெரும்பாலும் பங்காளியோ மாமன் மச்சானோதான். "நம்ம தண்ணிதானுங்க, ரெண்டு லட்சம் வாங்கிக்குங்க" என்று பெரியவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டு பணம் கொடுத்துவிட்டுப் பிறகு கம்பெனியிடம் போகிறார்கள். கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கவோ தொகை பேசவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. கொடுத்த பணம் திரும்பாது. ஒப்புக்கொண்ட வார்த்தை நாளைய வழக்கிலும் வரும். குடிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டுக்கு லாரியில் தண்ணீர் அனுப்புவதை யாரும் தள்ளிப்போட வேண்டாம், அனுப்புங்கள். "பொறுப்பை ஏற்காமல், உதவியாக அனுப்புகிறோம்" என்று அன்றே கம்பெனிக்கு மெயில் போட்டு, தண்ணீர் மாதிரியை இரண்டு பாட்டிலில் எடுத்து, ஒன்றைச் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கு வைத்துவிட்டு, அதன் பிறகு கூட்டத்துக்குப் போங்கள்.