‘ஃப்ரீலான்ஸ்’ என்று கையெழுத்து வாங்கிவிட்டார்களா? மசேநி (மத்திய சேம நிதி), வரி விஷயத்தில் செய்ய வேண்டியவை

சிங்கப்பூரில் ஒரு துணைப்பாட நிலையத்தில் வாரம் ஐந்து நாள் வகுப்பு எடுக்கிறீர்கள், நேரத்தை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள், பயிற்சித்தாள் அவர்களுடையது, உங்களுக்கு முடியாத நாளில் வேறொருவரை அனுப்பவும் விடமாட்டார்கள், ஆனால் ஒப்பந்தத்தில் மட்டும் ‘சுயதொழில் செய்பவர்’ என்று இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் ஊழியராக இருக்கவே வாய்ப்பு அதிகம். தாளில் போட்ட பெயர் செல்லாது. வேலை யார் கட்டுப்பாட்டில் நடக்கிறது, கருவிகளும் பொருள்களும் யாருடையவை, லாப நட்டம் யார் தலையில் விழுகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

இதில் போகும் பணம் கொஞ்சநஞ்சமில்லை. 55 வயதுக்கு உட்பட்ட சிங்கப்பூரர் மாதம் 2,000 வெள்ளி வாங்கினால், முதலாளி 17 விழுக்காடு, அதாவது 340 வெள்ளி, தன் பங்காக உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பான மசேநியில் கட்ட வேண்டும். ‘ஃப்ரீலான்ஸ்’ என்றதும் அது போச்சு, சம்பளத்துடன் கூடிய விடுப்பும் போச்சு, போதாததற்கு ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவையும் (மசேநியில் மருத்துவச் செலவுக்கான சேமிப்பு) நீங்களே கட்ட வேண்டும். இது அநியாயம்தான்.

முதலில் ஆதாரம் சேருங்கள், அதுவும் வேலையில் இருக்கும்போதே. வேலையை விட்டதும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். வகுப்பு அட்டவணை, ‘லீவ் கிடையாது’ என்று வந்த செய்தி, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். அப்புறம் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சரிவரவில்லையா, மத்திய சேம நிதிக் கழகத்திடம் புகார் கொடுங்கள். சம்பளப் பாக்கி இருந்தால் அதற்கு, வேலையிடத் தகராறுகளைக் கவனிக்கும் சச்சரவு நிர்வாக முத்தரப்புக் கூட்டணியிடம் போக வேண்டும். வேலையை விட்டவர்களுக்குக் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான் கெடு, தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சரி, வரி? பலர் சறுக்குவது இங்கேதான். ‘வழக்கு முடியட்டும், பிறகு காட்டலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். முதலாளி உங்களை ஊழியராகக் காட்டியிருக்க மாட்டார், அதனால் அந்த வருமானம் மைடேக்ஸ் போர்ட்டலில் (வருமான வரி இணையத்தளம்) தானாக வந்து நிற்காமல் போகலாம், அப்போது சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாக உள்ளே போய் ஏப்ரல் 18க்குள் நீங்களேதான் பதிய வேண்டும். எந்த வகை வருமானமாகக் காட்டுவது என்று குழப்பமிருந்தால் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு நிலைமையை விளக்கி முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மசேநி கழகத்திடம் ‘ஊழியர்’ என்றும் வரிப் படிவத்தில் ‘வியாபாரி’ என்றும் சொல்லிவைத்தால் முதலாளி அதையே பிடித்துக்கொள்வார். சுயதொழில் வருமானமாகப் பதிந்தால், அந்த வருமானத்துக்காகவே செய்த செலவைக் கழிக்கலாம், ரசீதுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

செயலி நிறுவனங்கள் வழியாக உணவு விநியோகம் செய்பவர்கள், தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்கள் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், 2025 ஜனவரி 1 முதல் அவர்களுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

வரி மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் எண்களைச் சரிபாருங்கள். தவறாக இருந்தால் அதில் உள்ள தேதியிலிருந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும்.