கரு ஸ்லைட்ல ஜேக்கப்சன் உறுப்ப எப்படி கண்டுபிடிக்கறது

மூக்கோட நடுச்சுவர்ல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன குழாய் இருக்கும், வோமெரோநேசல் ஆர்கன்னு சொல்லுவாங்க, டென்மார்க் சர்ஜன் ஜேக்கப்சன் 1813ல விலங்குகள்ல இத விவரிச்சதால அவர் பேர்லயும் கூப்பிடறாங்க. கிளாஸ்ல "மனுஷனுக்கு வேலை இல்லாத உறுப்பு"ன்னு ஒரே வரில தாண்டிடறதால, ஸ்லைட் கைக்கு வந்தா எங்க தேடறதுன்னே நிறைய பேருக்குத் தெரியல. எனக்கு அது மனசு கேக்கல.

தேடறதுக்கு முன்னாடி கருவோட வயசப் பாருங்க. 4வது வாரக் கடைசில முகத்துல நேசல் பிளாக்கோடு (பின்னாடி மூக்கா மாறப் போற செல் படலம்) தடிச்சு வரும், 5வது வாரத்துல அது குழியாகும், அந்தக் குழியோட நடுப்பக்கச் சுவர்ல ஒரு தடிப்பு வந்து 6வது வாரம் வாக்குல பள்ளமாகும். 8வது வாரத்துல பள்ளம் மூடி குழாயாகிடும், முன்னாடி வாய் திறந்திருக்கும், பின்னாடி முட்டுச்சந்து.

இப்ப 8 வாரம் தாண்டின கருவோட கரோனல் (முகத்துக்கு இணையா வெட்டின) செக்‌ஷன லோ பவர்ல வைங்க. நடுவுல செப்டம், அதாவது மூக்கு நடுச்சுவரோட குருத்தெலும்பு, அதோட கீழ் விளிம்புக்கு ரெண்டு பக்கமும் குட்டியா பாராசெப்டல் குருத்தெலும்பு. அதுக்கு மேல, மியூகோசாவ (மூக்கோட உள்சவ்வ) ஒட்டி, முட்டை வடிவத்துல ஒரு ஓட்டை தெரியுதான்னு பாருங்க. ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சா கவலப்படாதீங்க, வெட்டு கொஞ்சம் சாஞ்சிருக்கும், அடுத்தடுத்த செக்‌ஷன்ல மறுபக்கம் வந்துடும்.

பெரும்பாலானவங்க தப்பு பண்றது இங்கதான். புக்ல இருக்கற எலிப் படத்துல குருத்தெலும்பு அந்தக் குழாய தொட்டில் மாதிரி ஏந்திட்டு இருக்கும், மனுஷக் கருவுல அப்படி இருக்காது, அதுவும் மாசம் ஏற ஏற குழாய் குருத்தெலும்ப விட்டு மேல தள்ளிப் போயிடும், அதனால குருத்தெலும்பு பக்கத்துல மட்டும் தேடிட்டு "இல்ல"ன்னு எழுதிடாதீங்க, செப்டம் சுவர்ல இன்னும் கொஞ்சம் மேல வரைக்கும் போய் பாருங்க.

கிடைச்சதும் உறுதி பண்ணணும். செக்‌ஷன்கள முன்பக்கமா ஒண்ணொண்ணா நகர்த்துங்க, மூக்குக் குழிக்குள்ளயே திறந்தா அதுதான். கீழ அண்ணத்துப் பக்கம் இறங்கினா நேசோபாலட்டைன் டக்ட், கிளை பிரிஞ்சு நுனில செல் கொத்து இருந்தா சுரப்பி.

அப்புறம் ஹை பவர் போடுங்க. ஆரம்ப வாரங்கள்ல குழாயோட எபிதீலியம் (உள்பக்க செல் படலம்) மோப்ப எபிதீலியம் மாதிரி தடிமனா இருக்கும், பின்னாடி மாசங்கள்ல சிலியா (நுண்ணிய மயிரிழை) வெச்ச சுவாச எபிதீலியம் மாதிரி ஆகிடும். சின்ன கருவா இருந்தா பக்கத்துல மேல ஏறற நரம்புக் கட்டையும் தேடுங்க, ஏன்னா பருவமடையறதுக்குத் தேவையான ஜிஎன்ஆர்எச் ஹார்மோனச் சுரக்கற செல்லுங்க மூக்குப் பக்கம் பொறந்து இந்த நரம்புங்க வழியாதான் மூளைக்கு நடந்து போகுது. சாதா எச் அண்ட் ஈ ஸ்டெயின்ல அந்த செல்லுங்கள பிரிச்சு பாக்க முடியாது, குறிப்பிட்ட பொருள மட்டும் நிறம் காட்டற இம்யூனோ ஸ்டெயின் வேணும். 1989ல கால்மன் சிண்ட்ரோம்ங்கற பிறவிக் கோளாறு இருந்த 19 வாரக் கரு ஒண்ணப் பாத்தப்போ அந்த செல்லுங்க மூளைக்குள்ள ஒண்ணுகூட இல்ல, மூக்குலயும் கிரிப்ரிஃபார்ம் பிளேட் (மூக்குக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற சல்லடை எலும்பு) மேலயும் தேங்கி நின்னுச்சு. கால்மன் இருக்கறவங்களுக்குப் பருவம் தானா வராம போறது இதனாலதான், மோப்பம் இல்லாம போறது மோப்ப நரம்புங்களும் மூளைய சரியா போய்ச் சேராததால.

ரெக்கார்டுல வரையறப்போ குழாய், குருத்தெலும்பு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி, பக்கத்துலயே கருவோட வாரம், இந்த நாலையும் கட்டாயம் குறிங்க.